இணைப்பு மாறும் இயந்திரத்துக்குக் கையேடு: பவர் டில்லரிலிருந்து தோட்ட ரோபோ வரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டினால் நிலம் இரண்டு விதமாகப் பிரிகிறது. கிழக்கே பூரணாங்குப்பம், நல்லவாடு என்று கடலை நோக்கிப் போகும் மணற்பாங்கான மனைகளும் தென்னந்தோப்புகளும். மேற்கே அபிஷேகப்பாக்கம், சிங்கிரிகுடி பக்கமும் தெற்கே பாகூர் ஏரிப் பாசனத்திலும் நெல் வயல்கள். இந்த வயல்களில் நெடுங்காலமாகப் பழகிவிட்ட இயந்திரம் பவர் டில்லர். பின்னால் ரோட்டரி பூட்டினால் உழவு, கேஜ் வீல் மாட்டினால் சேற்றடிப்பு, டிரெய்லர் கோத்தால் சுமை வண்டி. எஞ்சினும் கியர் பெட்டியும் கைப்பிடியும் எல்லா வேலைக்கும் ஒன்றே. மாறுவது அதில் பூட்டப்படுவது மட்டும். மேலைநாட்டுச் சந்தைக்கு இப்போது வந்திருக்கும் இணைப்பு மாற்றும் தோட்ட ரோபோவும் அமைப்பில் இதே இனம்தான். ஓட்டுபவர் கைப்பிடியைப் பிடிக்காமல் தானே போகிறது என்பதுதான் வேறுபாடு.

இத்தகைய இயந்திரத்தின் பயனர் கையேட்டை எப்படி அடுக்குவது? வழக்கமான விடை, உடலுக்கு ஒரு பாகம், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பாகம் என்பது. அந்த அடுக்கு தவறு என்றும், உடலும் ஓர் இணைப்பும் சேர்ந்து நிற்கும் நிலையை, அதாவது கூட்டை, கையேட்டின் அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

வாதத்தின் ஆதாரம் பவர் டில்லரிலேயே இருக்கிறது. அதன் கைப்பிடியில் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று எனத் திருப்புக் கிளட்ச் பிடிகள் உண்டு. இடப் பிடியை அழுத்தினால் இடச் சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடும். வலச் சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதள வயலில் இது நூற்றுக்கு நூறு சரி. அதே டில்லரில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கோத்து ஏரிக்கரையிலிருந்து கீழே இறக்குவோம். இப்போது பின்னாலிருந்து சுமை தள்ளுகிறது. எஞ்சின் சக்கரங்களை ஓட்டவில்லை, பிடித்து நிறுத்துகிறது. இந்த நிலையில் இடப் பிடியை அழுத்தினால் இடச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டுத் தாராளமாக உருளும், வலச் சக்கரம் பிடிபட்டு நிற்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். உழவில் பல நாள் பழகிய கை அந்த ஒரு நொடியில் நேர் எதிராக வேலை செய்ய வேண்டும். அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் இதை அறிவார்கள். புதிதாக ஓட்ட வந்தவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

கையேட்டில் இந்த எச்சரிக்கையின் இடம் எது? திருப்புக் கிளட்ச் உடலின் உறுப்பு. ஆகவே உடல் பாகத்தில் எழுதலாம். ஆனால் அங்கே சாதாரண விதியும் விதிவிலக்கும் அடுத்தடுத்து நிற்கும், உழவு மட்டும் செய்பவர் விதிவிலக்கைக் கடந்து போய்விடுவார். டிரெய்லர் பாகத்தில் எழுதலாமென்றால், டிரெய்லருக்குக் கிளட்ச் கிடையாது. அந்தப் பாகத்தை எழுதுபவர் கோக்கும் கொண்டியையும் டயர் காற்றையும் பற்றித்தான் நினைப்பார். ஆபத்து உடலிலும் இல்லை, டிரெய்லரிலும் இல்லை. இரண்டும் சேர்ந்து சரிவில் நிற்கும்போதுதான் பிறக்கிறது. ரோட்டரி பூட்டிய நிலையில் பின்னோக்கி எடுப்பதும் அப்படித்தான். பின் கியர் தனியே தீங்கற்றது, நிறுத்திய ரோட்டரியும் தீங்கற்றது. சுழலும் ரோட்டரியோடு பின் கியர் போட்டால் கத்திகள் ஓட்டுநரின் காலை நோக்கி வரும். பல டில்லர்களில் இதைத் தடுக்கும் பூட்டு வைத்திருப்பதே இந்தக் கூட்டின் ஆபத்தை உற்பத்தியாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. கையேட்டின் அடுக்கில் அந்த உணர்வு இன்னும் இறங்கவில்லை.

விதிகளே இல்லாததால் வந்த குறை அன்று இது. வேளாண் இயந்திரங்களின் இயக்குநர் கையேட்டுக்கு ஐஎஸ்ஓ 3600 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. புல்வெளி, தோட்டக் கருவிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. இந்தியாவில் ஐஎஸ் 8132 இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிறுவனங்கள், எஞ்சின் திறனையும் எரிபொருள் செலவையும் அளந்து வெளியிடும் அறிக்கையில், இயந்திரத்தோடு தரப்பட்ட ஏடுகள் போதுமானவையா என்பதையும் ஒரு தலைப்பாகவே மதிப்பிடுகின்றன. வட்டார மொழிகளில் ஏடு வேண்டும் என்று அவ்வறிக்கைகள் நினைவூட்டுவதும் உண்டு. காகிதத்தையும் இயந்திரத்தின் உறுப்பாக எண்ணிச் சோதிக்கும் இந்தப் பழக்கம் பெரிதும் பாராட்டத்தக்கது. ஆனாலும் ஏடு இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது, என்னென்ன தலைப்புகள் உள்ளன என்பதோடு மதிப்பீடு நின்றுவிடுகிறது. தேடுபவர் கையில் தேடும் நேரத்தில் கிடைக்கும்படி அது அடுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

உறுப்புவாரி அடுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவு. இணைப்புகள் தனித்தனியே விற்கப்படுகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு புத்தகம் போடவேண்டியிருக்கிறது. வடிவமைப்பாளர் குழுவும் உறுப்புவாரியாகப் பிரிந்திருக்கிறது. ஆக, தொழிற்சாலையின் பிரிவுகள் அப்படியே அத்தியாயங்களாகிவிடுகின்றன. வாங்குபவரின் வேலை அந்தப் பிரிவுகளைப் பின்பற்றுவதில்லை.

தோட்ட ரோபோவில் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995இல் சூரிய ஒளியில் இயங்கும் தானியங்கிப் புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது ஒரே வேலை செய்யும் இயந்திரம். அதன் கையேட்டுக்கு நேர்கோட்டு வரிசை போதும். யார்போ போன்ற அண்மைக்கால இயந்திரங்கள் வேறு. பட்டைச் சக்கரமும் மின்கலமும் கேமராவும் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் கொண்ட ஒரு பொது உடல். அதில் புல் அறுக்கும் தலை, பனி தள்ளும் தலை, இலை ஊதும் தலை எனத் தேவைக்கேற்ப மாட்டிக்கொள்ளலாம். உடலின் மூளைதான் பிழையை அறிவிக்கிறது. பிழையின் காரணமோ இணைப்பில் கிடக்கிறது. மோட்டாருக்குச் சுமை மிகுந்துவிட்டது என்ற ஒரே செய்தி, அறுக்கும் தலை இருக்கும்போது ஈரக் கோரை கத்தித் தட்டில் சுற்றிக்கொண்டதைக் குறிக்கலாம்; ஊதும் தலை இருக்கும்போது காற்று உள்ளிழுக்கும் வாயில் சருகு அடைத்ததைக் குறிக்கலாம். பிழை எண்களை ஒரே பட்டியலாகக் கடைசிப் பக்கத்தில் அச்சிடும் கையேடு இரண்டு காரணங்களையும் ஒரே கட்டத்தில் திணிக்கிறது. எந்தத் தலை மாட்டியிருக்கிறது என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். அதையே முதல் வாசலாகக் கொண்டு, அதன்பின் பிழைக்குப் போவதுதான் தேடுபவருக்கு இயல்பான வழி.

பூரணாங்குப்பம் பக்கத்துத் தென்னை நிற்கும் மனை ஒன்றில் அறுக்கும் தலை மாட்டிய ரோபோ ஓடுவதாக வைத்து, அந்தக் கூட்டின் பக்கம் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் கழற்று. உடலுக்கும் தலைக்கும் இடையிலுள்ள மின் முனைகளைப் பார். கடற்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தபின்தான் மாட்டு. பூட்டு முள் இரண்டு பக்கமும் விழுந்ததா என்று தலையைத் தூக்கி ஆட்டிப் பார். தரையில் விழுந்த மட்டையையும் குரும்பையையும் பொறுக்கு. செயற்கைக்கோள் வழி இடமறிதலுக்குத் துணை நிற்கும் நிலைக்கருவியை வானம் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்து. தென்னையோலை அடர்ந்த இடத்தில் செயற்கைக்கோள் சைகை தடுமாறும், ரோபோ எல்லை பிசகும் என்பதால் அந்தப் பகுதியை வரைபடத்தில் தனியே குறி. நிறுத்தப் பொத்தானை அழுத்தினாலும் கத்தி உடனே நிற்காது. சுழற்சி முழுக்க அடங்கும்வரை கை வைக்காதே. இதில் பாதி உடலைச் சேர்ந்தது, பாதி தலையைச் சேர்ந்தது. செய்பவருக்கு அது ஒரே வேலை, ஒரே பக்கம்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு எண்ணிக்கை பற்றியது. கூட்டுகளை அலகாகக் கொண்டால் பக்கங்கள் பெருகி வழியாதா? ஐந்து இணைப்புகள் இருந்தால் கணக்குப்படி 32 சேர்க்கைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் உடலின் முன்னோ பின்னோ ஒரு நேரத்தில் ஒரு தலைதான் பூட்ட முடியும். ஆகவே நடைமுறையில் ஐந்து கூட்டுகளும் வெறும் உடலும் சேர்ந்து ஆறு நிலைகள்தான். புதிய இணைப்பு ஒன்று வந்தால் ஒரு நிலைதான் கூடும். டில்லரிலும் அதே நிலைமை.

இன்னொரு மறுப்பு ஆவணத் துறையிலிருந்து வரும். ஐபிஎம்மில் உருவாகி 2005இல் ஓயேசிஸ் அமைப்பால் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா முறை, ஒவ்வொரு செய்தியையும் ஒரே ஒரு முறை துண்டாக எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் கோத்துக்கொள்ளச் சொல்கிறது. உறுப்புவாரியாக எழுதி வைத்தால் கூட்டுப் பக்கத்தைக் கணினியே கோத்துத் தந்துவிடாதா என்று கேட்கலாம். களிம்பு துடைக்கும் குறிப்புக்கு அது போதும். அது எல்லாக் கூட்டிலும் மாறாமல் வருவது. சரிவில் கிளட்ச் எதிராகத் திருப்பும் செய்தியை எந்தத் துண்டிலிருந்து கோப்பது? உறுப்புவாரியாக எழுதியவர் அதை எழுதியிருக்கவே மாட்டார். முதலில் கூட்டை நினைத்து எழுதி, அதன்பின் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பிரித்தெடுத்தால் டிட்டா நல்ல கருவி. வரிசையைத் தலைகீழாக்கினால் இடைவெளிகளையும் சேர்த்தே அது நகலெடுக்கும்.

யார் படிக்கிறார்கள் என்ற கேள்விக்கும் கூட்டு அலகு நல்ல விடை தருகிறது. நம் பக்கத்தில் இயந்திரத்தின் உடைமையாளர், ஓட்டுபவர், பழுது பார்ப்பவர் மூவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கையேடு மானியக் காகிதங்களோடு உடைமையாளர் வீட்டு அலமாரியில் இருக்கும். இயந்திரம் ஓட்டுநரிடம் இருக்கும். விவரம் மெக்கானிக்கின் தலையில் இருக்கும். ரோபோ வந்தால் பிளவு இன்னும் கூடும்: செயலி உடைமையாளரின் கைபேசியில், தலையை மாற்றுவது தோட்டக்காரர். 1980களில் ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கரோல் செய்த ஆய்வுகள், மக்கள் கையேட்டை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை, வேலையில் இறங்கிவிட்டு மாட்டிக்கொள்ளும்போது தேடுகிறார்கள் என்று காட்டின. அதனால் அவர் வேலையை முன்வைத்து, தவறிலிருந்து மீளும் வழியைச் சேர்த்துச் சுருக்கிய கையேட்டைப் பரிந்துரைத்தார். தோட்டக்காரருக்கு வேண்டியதும் அதுவே. கூட்டுப் பக்கத்தை நீர் புகாத தாளில் அச்சிட்டு அந்தந்தத் தலையின் மூடியிலேயே ஒட்ட வேண்டும். டானியேலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறையின் நான்கு வகைகளில், பயிற்சிப் பாடமும் விளக்கமும் உடைமையாளர் கைபேசியில் இருக்கலாம். செய்முறையும் உடன்குறிப்பும் இயந்திரத்தோடு போக வேண்டும்.

பருவத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் இறக்குமதிக் கையேடு நம்மை முழுக்கக் கைவிடுகிறது. பனி நாடுகளில் தலை மாற்றும் நாட்கள் ஆண்டின் போக்கில் அமைந்தவை: பனி தொடங்கும் முன் ஒன்று, பனி கரைந்த பின் ஒன்று. அங்கே எழுதப்பட்ட கையேட்டில் இருப்பு வைத்தல், மின்கலம் பேணல், துருத் தடுப்பு எல்லாம் அந்த இரண்டு நாட்களைச் சுற்றியே எழுதப்படுகின்றன. உறைநிலைக்குக் கீழே லித்தியம் மின்கலத்தைச் சார்ஜ் செய்யாதே என்பது அங்கே முதல் எச்சரிக்கை. நமக்குச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சூடேறிய மின்கலத்தைச் சார்ஜ் செய்யாதே என்பது முதல் எச்சரிக்கை. இந்தக் கடற்கரையில் ஆண்டு திரும்பும் இடம் வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. ஐப்பசிக்கு முன் எந்தத் தலையைக் கழற்றி எங்கே ஏற்றி வைப்பது, நிலைக்கருவிக் கம்பத்தை எப்போது இறக்குவது, வெள்ளத்தில் நின்ற மின்கலத்தைத் தொடலாமா, மழைக்குப் பின் விழுந்து கிடக்கும் மட்டைகளுக்கு நடுவே முதல் ஓட்டத்தை எப்படித் தொடங்குவது என்பவை இங்கே கையேட்டின் முதுகெலும்பாக இருக்க வேண்டியவை. கூட்டு அலகாக இருந்தால் இதைச் செய்வது எளிது. பனித் தலையின் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டு, கூட்டுகளை ஆடி, ஐப்பசி, தை என்று வரிசை மாற்றி அடுக்கலாம். உறுப்புவாரிக் கையேட்டில் ஒவ்வொரு பாகத்தையும் கிழித்துத் தைக்க வேண்டும்.

மொழிக்கும் இது பொருந்தும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வேளாண் துறை தமிழில் கையேடு வைத்துக்கொண்டால் மட்டும் வேலை முடியாது. மாகேக்கு மலையாளமும் ஏனாமுக்குத் தெலுங்கும் வேண்டும். பெரிய நூலை மூன்று மொழியில் பெயர்த்து, ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்கும் திருத்துவது யாராலும் ஆகாது. ஆறு கூட்டுப் பக்கங்களை மூன்று மொழியில் பேணலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றி, 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரும் இயந்திர ஒழுங்குமுறை, பயனர் கையேட்டை மின்வடிவில் தர அனுமதிக்கிறது. அங்கேயும், தொழில்முறையல்லாத பயனருக்கு இன்றியமையாத பாதுகாப்புச் செய்திகளைத் தாளில் தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. புயல் நாளில் மின்சாரமும் அலைபேசிக் கோபுரமும் ஒருசேரப் படுத்துவிடும் ஊரில் அந்த நிபந்தனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையேடு சரியாக இருக்கிறதா என்று தேர்வதற்கும் கூட்டே அலகு. குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில், இயந்திரத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் உடலையும் இரண்டு தலைகளையும் இரண்டு பக்கத் தாளையும் கொடுக்கலாம். ஒரு தலையைக் கழற்றி மற்றதை மாட்டி, வேண்டுமென்றே வைத்த ஒரு பழுதைக் கண்டுபிடித்து, ஓட்டிக் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. அவர் எந்த வரியில் தாளை விட்டுத் தலை நிமிர்ந்து ஆளைத் தேடுகிறாரோ அந்த வரியைக் குறித்துக்கொண்டு எழுதியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். சோதனை நிறுவனங்களின் அறிக்கையில் ஏடுகளுக்கென ஏற்கெனவே ஒரு தலைப்பு இருக்கிறது. இந்தத் தேர்வின் முடிவை அதன்கீழ் ஒரு வரியாகச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.