ஒட்டுப் போட்ட சிடியின் கதை

கோவிந்தாபுரம் எங்கே இருக்கிறது என்று இங்கே யாராவது கேட்டால், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற வழியில், தமிழ்நாடு முடிந்து பாலக்காடு மாவட்டம் தொடங்குகிற இடம் என்று சொல்வேன். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், சாமான் வாங்கப் பொள்ளாச்சி. இடுக்கிப் பக்கம் எல்லையில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இந்தப் பதிவு ஊரைப் பற்றியது இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஊரில் அப்பாவிடம் பழைய லேப்டாப் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறமாட்டேன் என்கிறது. எல்லா அப்டேட்டும் சேர்த்து, வேண்டாததை எல்லாம் வெட்டிய பதிப்பு ஒன்று பென் டிரைவில் கிடைக்கிறதாம், போடலாமா?" நான் வங்கிக்காரன், படித்தது பி.காம்., கணினி நிபுணன் அல்ல. ஆனால் இந்தப் படம் நாம் இருபது வருடம் முன்பே பார்த்த படம். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே வந்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25. அதன் சிடியில் அன்றைய தேதி வரை இருந்த கோப்புகள் மட்டும்தான். பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளுக்கான ஒட்டுகளை இணையத்திலிருந்து இறக்கிப் போட வேண்டும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே ஒட்டு வெளியிட்டிருந்தது. 2004 ஏப்ரல் கடைசியில் சாசர் வந்தது. அதற்கும் ஒட்டு அந்த மாதமே வந்திருந்தது. இருந்தும் லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. "இன்னும் 60 விநாடியில் கணினி அணைந்துவிடும்" என்று ஒரு பெட்டி திரையில் வந்து எண்ணத் தொடங்குமே, நினைவிருக்கிறதா?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய சிடியில் புதிதாக எக்ஸ்பி போட்டு, ஒட்டை இறக்குவதற்காக இணையத்தில் இணைந்தால், ஒட்டு இறங்கி முடிவதற்குள் புழு உள்ளே வந்துவிடும். எக்ஸ்பியில் தடுப்புச் சுவர் இருந்தும் முதல் சிடிகளில் அது தானாக இயங்காது. மருந்து வாங்கக் கடைக்குப் போகிற வழியிலேயே நோய் தொற்றிக்கொள்கிற மாதிரி.

2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. தடுப்புச் சுவர் தானாக இயங்கும், பழைய ஒட்டுகள் எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் முழுத் தொகுப்பின் அளவு சுமார் 266 எம்பி. 56 கேபிபிஎஸ் டயல்அப்பில், கணக்குப்படி முழு வேகத்தில் போனாலும் 11 மணி நேரம். நடைமுறையில் அதைவிட அதிகம், நடுவில் லைன் அறுந்தால் சில சமயம் முதலிலிருந்து. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் சேவை தொடங்கியதே 2005 ஜனவரியில்தான். எல்லையோரக் கிராமத்துக்கு அது வர இன்னும் நாளாயிற்று.

அதனால்தான் ஒட்டுப் போட்ட சிடி பிறந்தது. பழைய சிடியை வன்தட்டில் நகலெடுத்து, அதன் கோப்புகளுக்குப் பதிலாக சர்வீஸ் பேக்கின் புதிய கோப்புகளை வைத்து, மறுபடியும் சிடியில் எழுதுவது. ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர். இது கள்ளத்தனமான வேலை இல்லை. மைக்ரோசாஃப்டே அதற்கான வசதியை சர்வீஸ் பேக்குக்குள் வைத்திருந்தது. டினோ நுஹாகிச் என்பவர் எழுதிய என்லைட் என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு, கட்டளை தட்டத் தெரியாதவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். சர்வீஸ் பேக், அதற்குப் பிந்தைய ஒட்டுகள், டிரைவர்கள் எல்லாம் ஒரே சிடியில். வேண்டாத பகுதிகளை வெட்டி எறியவும் அதில் வசதி உண்டு. வினை அங்கேதான் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் நான் பி.காம். முடித்து டேலி கற்றுக்கொண்டிருந்தேன். இந்த சிடிகளை வைத்துக்கொண்டு கணினிக் கடைகளில் பையன்கள் படுகிற பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோளாறுகள் ஆயிரம் மாதிரித் தெரியும். வகை பிரித்தால் நாலைந்துதான்.

ஒன்று, சிடி பூட் ஆகாது. கணினியை சிடியிலிருந்து கிளப்புவதற்கு எல் டொரிட்டோ என்று 1995ல் ஒரு விதி வகுத்தார்கள். சிடியில் குறிப்பிட்ட இடத்தில் பூட் பகுதி இருக்க வேண்டும், அதிலிருந்து எத்தனை செக்டார் படிப்பது என்றும் எழுதியிருக்க வேண்டும். எக்ஸ்பிக்கு அது 4. கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டு எழுதினால் சிடிக்குள் எல்லாம் இருக்கும், கணினி மட்டும் கிளம்பாது. சில சமயம் "என்டிஎல்டிஆர் கிடைக்கவில்லை" என்று வந்து நிற்கும்.

இரண்டு, வரிசை. முதலில் சர்வீஸ் பேக், அதன் மேல்தான் பிந்தைய ஒட்டுகள். மாற்றிப் போட்டால் பழைய கோப்பு புதியதன் மேல் உட்காரும் அபாயம் உண்டு. மொழியும் ஒத்துப்போக வேண்டும். ஆங்கில சிடிக்கு ஆங்கில சர்வீஸ் பேக்தான்.

மூன்று, சாவி எண். கணினியோடு வந்த சிடி, கடையில் தனியாக வாங்கிய சிடி, நிறுவனங்களுக்கான சிடி என்று வகைகள் உண்டு. ஒன்றின் எண்ணை மற்றொன்று ஏற்காது. "எண் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் வாங்கமாட்டேன் என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்கு, நீலத்திரை. பாதி நிறுவலில் 7பி என்று முடிகிற பிழை எண்ணோடு நின்றால், வன்தட்டுக்கான டிரைவர் சிடியில் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எக்ஸ்பிக்குப் பின்னால் வந்த சாட்டா வன்தட்டுகள் பலவற்றை எக்ஸ்பிக்கு அடையாளம் தெரியாது. எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடு என்று கேட்கும். புதிய லேப்டாப்பில் ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? :-)

ஐந்து, "கோப்பை நகலெடுக்க முடியவில்லை" என்ற செய்தி. ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில் நின்றால் சந்தேகம் சிடி மீது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நின்றால் மெமரி அல்லது சிடி டிரைவ் மீது. சிடியைக் குறைந்த வேகத்தில் எழுது என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

இனி வெட்டி எறிந்த கதைக்கு வருவோம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியமான பகுதி இது.

விண்டோஸில் யூனிகோட் தமிழ், லதா எழுத்துருவோடு, விண்டோஸ் 2000 காலத்திலேயே வந்துவிட்டது. எக்ஸ்பியிலும் இருந்தது. ஆனால் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்பில் போய் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டும். சுமார் 10 எம்பி. அந்தக் கோப்புகள் சிடியில் லேங் என்ற கோப்புறையில் இருந்தன. சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கு 230 எம்பி தேவைப்படும் கோப்புகளும் அங்கேதான். சிடியை மெலிதாக்க நினைத்தவர்கள், "நமக்கு எதற்கு இத்தனை மொழி" என்று லேங் கோப்புறையையே மொத்தமாகத் தூக்கினார்கள். சீனமும் போயிற்று, கூடவே தமிழும் போயிற்று.

விளைவு என்ன தெரியுமா? கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வரும், புள்ளி தனியே மிதக்கும். கணினி நன்றாக ஓடும், ஒரு பிழைச் செய்தியும் வராது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய தமிழ் மின்னஞ்சலை மட்டும் அம்மாவால் படிக்க முடியாது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து எழுத்துருவாக இறக்கிக்கொண்டிருப்பார்கள். எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற பகுதியே இல்லாதபோது எத்தனை எழுத்துரு போட்டு என்ன பயன்?

எங்கள் எல்லையில் இன்னொரு வேடிக்கை. 2001ல் வந்த எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, மலையாளம் இல்லை. மலையாளம், கார்த்திகா எழுத்துருவோடு, சர்வீஸ் பேக் 2ல்தான் வந்தது. ஆக இரண்டு மொழியும் தேவைப்படுகிற ஒரு டிடிபி கடைக்கு சர்வீஸ் பேக் 2 சேர்த்த சிடி வேண்டும், அதே சிடியில் லேங் கோப்புறையும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். 700 எம்பி சிடியில் எது தங்கும், எது போகும் என்று முடிவு செய்தவர், அதை உபயோகிக்கப் போகிறவரிடம் கேட்கவே இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் அதே கேரளத்தில் நடந்தது. 2001ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் பள்ளிகளைக் குனு லினக்ஸ் பக்கம் திருப்பியது. அவர்கள் செய்ததும் மாற்றியமைத்த நிறுவல் சிடிதான். முதலில் டெபியன், பிறகு உபுண்டு அடிப்படையில், ஜியோஜீப்ரா, ஜிம்ப் போன்ற பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தந்தார்கள். 2017ல் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. 2019ல் 18.04 பதிப்பு வந்தபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்றும், உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சொன்னார்கள். சித்தூர், தேவிகுளம் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே தொகுப்புதான். தமிழ்நாட்டிலும் சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது.

இரண்டுமே திருத்திய தொகுப்புதான். பிறகு என்ன வித்தியாசம்? ஒன்றில் திருத்தியவர் யார், எதைச் சேர்த்தார், தப்பு வந்தால் யாரிடம் போவது என்று தெரியும். மற்றொன்றில் ஒன்றும் தெரியாது. எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், பேரேட்டில் திருத்தம் இருக்கலாம், அதன் பக்கத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்தில்லாத திருத்தத்தை எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதற்குப் பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது, ஏடிஎம் இயந்திரங்களிலும்கூட. 2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும் மாட்டின. அதற்கான ஒட்டு, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மார்ச்சிலேயே வந்திருந்தது. 2003ல் பார்த்த அதே கதை. ரிசர்வ் வங்கி 2018 ஜூனில், ஆதரவு முடிந்த இயங்குதளம் உள்ள ஏடிஎம்களை எல்லாம் 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்ற வேண்டும் என்று கெடு வைத்தது.

இனி நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். அன்று கெட்டது தமிழ் எழுத்து. இன்று அதே மாதிரி லேப்டாப்பில் அப்பா நெட்பேங்கிங் செய்கிறார், நாம் அனுப்புகிற பணம் அதில்தான் வந்து விழுகிறது. வெட்டிய பதிப்பில் எதை வெட்டினார்கள் என்பது ஒரு கவலை. எதைச் சேர்த்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கவலை. தயாரித்தவர் வெளியிடுகிற ஹாஷ் எண் என்று ஒன்று உண்டு. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், நம் கன்ட்ரோல் டோட்டல் மாதிரி. வேறு யாரோ திருத்திய தொகுப்பு அதோடு ஒத்துப்போகவே போகாது. அதாவது, அதைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு வழியும் இல்லை.

ஆகவே என் சிபாரிசு இதுதான். நிறுவல் தொகுப்பைத் தயாரித்தவரிடமிருந்தே நேராக இறக்குங்கள், ஹாஷ் எண்ணைச் சரிபாருங்கள். விண்டோஸ் 11 ஏறாத கணினி என்றால் உபுண்டு போல இன்னும் ஒட்டுகள் வருகிற ஒரு லினக்ஸைப் போடுங்கள். அப்பா பார்ப்பது பேங்கும் யூட்யூபும்தான், இரண்டும் உலாவியில் ஓடும். எதைப் போட்டாலும் முதல் வேலை அப்டேட், பேங்க் பக்கம் அதற்குப் பிறகு. கிளம்புவதற்கு முன் அம்மாவை உட்கார வைத்து, தமிழில் ஒரு வரி தட்டச் சொல்லிப் பாருங்கள். கொம்பு சரியான பக்கம் நிற்கிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.