மோதலுக்குப் பிந்தைய தீ: சொந்தமாகக் கட்டும் சிறு விமானங்களின் எரிபொருள் அமைப்பு

1977 செப்டம்பர் 27 அன்று மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா ரப்பர் தோட்டத்தில் விழுந்தது. அதிலிருந்த 79 பேரில் 45 பேர் பிழைத்தனர். 2023 ஆகஸ்ட் 17 அன்று அதே எல்மினா வட்டாரத்தில் விழுந்த பீச்கிராஃப்ட் ஜெட்டில் இருந்த எட்டுப் பேரும், சாலையில் சென்ற இருவரும் மாண்டனர். பின்னதைப் போன்ற மோதலில் எந்த எரிபொருள் தொட்டி அமைப்பும் உயிர் காக்காது. இக்கட்டுரையின் கவலை, உடல் தாங்கிக்கொள்ளக்கூடிய மோதலைப் பற்றியது. அங்கே தீயைத் தடுப்பது பெரும்பாலும் கட்டுபவர் கையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1976 முதல் 2002 வரை நடந்த 13,806 சிறு விமான விபத்துகளை ஆராய்ந்து 2006-இல் அறிக்கை வெளியிட்டது. மோதலுக்குப் பின் தீப்பிடித்தவை 521 மட்டுமே. ஆனால் அந்தத் தீயே 205 உயிர்களைப் பறித்தது என்று வாரியம் கணித்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமோ, சிறு விமானங்களில் மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பு வேண்டும் என்று 1990-இல் முன்வைத்த விதியைச் செலவுக் கணக்கைக் காட்டி 1999-இல் கைவிட்டது. தொழிற்சாலை விமானத்துக்கே இந்த நிலை என்றால், கொட்டகையில் கட்டப்படும் விமானத்துக்கு விதி வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இங்கே மலேசியாவில், தெமியாங், சிரம்பான் சுற்றுவட்டாரத்தை மேலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பால்மரமும் செம்பனையும்தான். இயந்திரம் நின்றுபோன விமானிக்குத் தோட்டத்து மண்சாலையை விட்டால் திறந்த இடம் அரிது. மரத்தில் முதலில் மோதுவது இறக்கையின் முன்விளிம்பு. அங்கே தொட்டி இருந்தால் கிழிந்து, பெட்ரோல் பனிபோல் தெறிக்கும். விமானப் பெட்ரோல் சுமார் மைனஸ் 40 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். நம் வெயிலில் சொல்லவே வேண்டாம். சூடான புகைக்குழாயோ அறுந்த பேட்டரிக் கம்பியோ அதைப் பற்றவைக்கப் போதும். தோட்டத்துக்குள் பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கையடக்கத் தீயணைப்பானை வாங்கி வைத்து நிம்மதி அடைபவர் பலர். கால் முறிந்து, இருக்கைப் பட்டையில் தொங்கும் மனிதர் அதை எப்படி எடுப்பார்? பணமும் எடையும் முதலில் போக வேண்டிய இடம் எரிபொருள் வழி. விமானியின் மடிக்கு மேலே, கருவிப் பலகைக்குப் பின்னால் தொட்டி வைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். இறக்கை உடலோடு சேருமிடத்தில் விறைப்பான அலுமினியக் குழாய்க்குப் பதில், இழுபட இடம் தரும் நெகிழ்குழாய் வேண்டும். அது பிரியும்போது இருபுறமும் தானே மூடிக்கொள்ளும் இணைப்பும் வேண்டும். அதிர்ச்சியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அடுத்தது.

எடை கூடும் என்பது வழக்கமான மறுப்பு. அமெரிக்கத் தரைப்படை 1970 முதல் தன் ஹெலிகாப்டர்களில் இத்தகைய அமைப்பைப் பொருத்தியபின், பிழைக்கக்கூடிய விபத்துகளில் தீ மரணம் ஏறக்குறைய இல்லாமல் போனது. அது ராணுவம், வசதி உண்டு எனலாம். ஆனால் ராபின்சன் ஆர்44 நான்கு பேரை மட்டுமே சுமக்கும் சிறு ஹெலிகாப்டர். அதன் உலோகத் தொட்டிக்குள் கிழியாத ரப்பர் பை பொருத்தும்படி தயாரிப்பாளரே 2010-இல் அறிவித்தார். தீ மரணங்கள் தொடர்ந்தபின் ஆஸ்திரேலியா 2013-இல் அதைக் கட்டாயமாக்கியது. இருவர் பறக்கும் விமானத்தைத் தன் கையால் கட்டுபவர், அந்தப் பையின் எடையை முதல் வரைபடத்திலேயே கணக்கில் சேர்த்துவிட முடியும்.