பல் கிளினிக் ஊழியர்களுக்கு ஏஐ பயிற்சி: முதல்ல கத்துக்க வேண்டியது என்ன?

புதுச்சேரி பல் கிளினிக்குகளுக்கு தமிழ் மட்டுமல்ல, பிரெஞ்சு பேசுறவங்களும் வர்றாங்க. மெசேஜ் எழுத, மொழிபெயர்க்க சாட்ஜிபிடி போன்ற ஏஐ செயலிகள் கைகொடுக்கும். ஆனா, சில எல்லைகள் இருக்கு.

எதைச் செய்யலாம்?
அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல், விடுமுறை அறிவிப்பு. அனுப்பும் முன் தேதி, நேரத்தை ஊழியர் சரிபார்க்கணும். பயிற்சியின்போது கற்பனைப் பெயர்களே போதும்.

எதைச் செய்யக் கூடாது?
நோயாளியின் பெயர், செல்போன் எண், எக்ஸ்ரே எதையும் இலவச செயலியில் போடக் கூடாது. 'பல் பிடுங்கின இடத்துல ரத்தம் நிக்கல' என்று மெசேஜ் வந்தால், ஏஐ பதிலை அனுப்பாமல் உடனே டாக்டரிடம் சொல்லணும்.

மீறினால்?
தரவுக் கசிவைத் தடுக்க போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால், 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. செயலியைக் கைகாட்டி கிளினிக் தப்பிக்க முடியாது.