அய்யனாரும் விதியும்

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் என்றதும் மேற்குமலை அடிவாரமும் ஆற்றுக் குளியலும்தான் நினைவுக்கு வரும். அய்யனார் யார் என்றால் காவல் தெய்வம் என்போம். பேராசிரியர் க. நெடுஞ்செழியன் வேறு பதில் சொன்னார். அய்யனார் வழிபாட்டின் வேர் ஆசீவக சமயத்தில் இருக்கிறது என்று 'ஆசீவகமும் ஐயனார் வரலாறும்' நூலில் வாதிட்டார். இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. என்றாலும், ஆசீவகம் என்னதான் சொன்னது என்று தேடிப் படிக்க எனக்கு அதுவே தூண்டுதல்.

புத்தர், மகாவீரர் காலத்தவரான மற்கலி கோசாலர் அந்தச் சமயத்தின் தலைவர். நடப்பதெல்லாம் நியதிப்படி என்பது அவர் கொள்கை. உருட்டிவிட்ட நூற்கண்டு முழுதும் பிரிந்த பிறகே நிற்கும். அதுபோல அறிவாளிக்கும் முட்டாளுக்கும் பிறவிகள் கழிந்த பிறகே விடுதலை. முயற்சியால் முந்தவும் முடியாது, சோம்பலால் பிந்தவும் முடியாது.

கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் சிலப்பதிகாரத்தில், மகளைப் பறிகொடுத்த கண்ணகியின் தந்தை மாநாய்கன் போய்ச் சேருவது ஆசீவகத் துறவிகளிடம்தான். அந்தத் தகப்பனுக்கு வேறு எந்தச் சொல் ஆறுதல் தந்திருக்கும்?

எதிர்ப்பும் பலமாக இருந்தது. சமண நூலான நீலகேசி ஆசீவகத்தை மறுக்கவே தனிப்பகுதி வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது வடக்கே நடந்ததாகச் சமண ஆகமம் சொல்லும் ஒரு வாதம். சத்தாலபுத்தர் என்ற குயவர் ஆசீவகர். பானைகள் முயற்சியால் உண்டாயினவா என்று மகாவீரர் கேட்டார். இல்லை, எல்லாம் நியதி என்றார் குயவர். "அப்படியானால் ஒருவன் உன் பானைகளை உடைத்தால் என்ன செய்வாய்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அடிப்பேன் என்றார். நியதிப்படி உடைந்த பானைக்கு அவனை ஏன் அடிக்க வேண்டும்? குயவரிடம் பதில் இல்லை. அவர் மகாவீரரின் பக்கம் சேர்ந்தார்.

எங்கள் தெருவில் ஒருவர் தன் ஒரே மகனை லாரி விபத்தில் இழந்தார். துக்கம் விசாரிக்கப் போனவர்களிடம், "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்றார். அதே மனிதர் கோர்ட்டில், லாரி ஓட்டியவன் மெதுவாக வந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பான் என்று வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார். முரண்பாடு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பேச்சு இல்லாவிட்டால் அவர் இரவில் தூங்கியிருக்க முடியாது. இரண்டாவது இல்லாவிட்டால் அடுத்த லாரிக்காரன் வேகத்தைக் குறைக்கமாட்டான்.

திருக்குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழ். 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது முயற்சி. வள்ளுவர் ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடவில்லை.

நடந்து முடிந்ததற்கு விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இனி நடக்கப்போவதற்கு அந்தப் பேச்சு உதவாது. மலையில் மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும்போது, இறங்காதே என்று பேரப்பிள்ளைகளை நாம்தான் தடுக்க வேண்டும்.