57-ம் நம்பர் எலி

ஒரு எலியோட புற்றுக்கட்டியை எடுத்து இன்னொரு எலிக்கு ஒட்ட வச்சா சில சமயம் வளரும், சில சமயம் கரைஞ்சு போயிடும். கரைஞ்சது மருந்தாலயா, இல்ல ரெண்டும் வேற வேற வம்சம்ங்கிறதாலயா? 1900-களின் தொடக்கத்தில் இதைப் பிரிச்சுச் சொல்ல வழியில்லை. சந்தையில் வாங்கின எலிக்கு ஏது ஜாதகம்?

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து கிரான்பியில் அபி லாத்ரோப்னு ஒரு முன்னாள் டீச்சர். கோழி வளர்த்துக் கையைச் சுட்டுக்கிட்டு, அழகுக்கு வளர்க்கிற எலிகளை விற்க ஆரம்பிச்சாங்க. எது எதுக்குப் பிறந்தது, எதுக்குக் கட்டி வந்ததுன்னு எழுதியும் வச்சாங்க பாருங்க, அதுதான் விஷயமே! எலிகளின் தோலில் வந்த புண்ணைச் சோதிச்ச லியோ லோப், அது புற்றுநோய்னு சொன்னார். 1913 முதல் 1919 வரை ரெண்டு பேர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. சினைப்பையை எடுத்துட்டா மார்புக்கட்டி குறையுதுன்னு காட்டினதும் இவங்கதான். எலி விக்கிற அம்மா பெயரையும் சேர்த்துப் போட்ட லோபுக்கு ஒரு 'ஓ' போடலாம்.

லாத்ரோப் 1918-ல் இறந்துட்டாங்க. 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில், அவங்க பண்ணையிலிருந்து வந்த 57-ம் நம்பர் பெண் எலியை வச்சு ஒரு வம்சத்தை ஆரம்பிச்சார். அண்ணன் தங்கையையே 20 தலைமுறை இணை சேர்த்தால்தான் எல்லா எலியும் ஏறக்குறைய ஒரே அச்சு. அப்பதான் கட்டி கரைஞ்சா மருந்தை நம்பலாம். 2002-ல் மரபணுத் தொகுதி வரிசை வெளியான எலி, இந்த 57-ம் நம்பர் வாரிசுதான்.