சுவரொட்டியும் ஒரு நோபல் பரிசும்

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்த அன்றே பாட்டி வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். காலையில் முருங்கைக்கீரை, சாயங்காலம் பேரீச்சம்பழம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி. (தெரியாதவர்களுக்கு: சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல்.) டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோ, வயிற்றைப் புரட்டுகிறது என்று அலமாரியிலேயே கிடந்தது. "இதெல்லாம் மூடநம்பிக்கை பாட்டி" என்று நான் சொல்ல, பாட்டி முறைக்க... யார் சொல்வது சரி என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

ரத்தசோகை நமக்குப் புதிய நோய் அல்ல. உடல் வெளுப்பதை வைத்துப் பழைய வைத்தியர்கள் இதைப் 'பாண்டு' என்றார்கள். சரக சம்ஹிதையில் பாண்டுவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. இரும்பு சேர்ந்த மருந்துகளும் அதில் இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் அயச்செந்தூரம். இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் என்ற மருத்துவர், வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்புத் தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார்.

இனி உணவுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள், நாய்களின் ரத்தத்தை எடுத்து சோகை உண்டாக்கி, எந்த உணவு கொடுத்தால் ரத்தம் வேகமாக ஊறுகிறது என்று பார்த்தார். முதலிடம் ஈரலுக்கு! இதைத் தொடர்ந்து ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும், அதுவரை உயிரைக் குடித்துவந்த ஒருவகைக் கொடிய சோகை வந்த 45 பேருக்கு தினமும் 120 முதல் 240 கிராம் வரை ஈரலைச் சமைத்துக் கொடுத்தார்கள். பிழைத்தார்கள்! 1926-ல் இது வெளியானது. 1934-ல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்தச் சோகையைக் குணமாக்கியது ஈரலில் இருந்த வைட்டமின் பி12 என்பது 1948-ல்தான் தெரிந்தது.

அடுத்த கதை நம் நாட்டில் நடந்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைகளைச் சேர்ந்த ஏழைக் கர்ப்பிணிகள் பலர் சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார் வில்ஸ். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) வேலை செய்திருக்கிறார். கடைசியில் குணம் கொடுத்தது மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு! அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம். 1941-ல் அதைப் பிரித்தெடுத்தது ஸ்பினாச் கீரையிலிருந்து. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் பெயரானது.

அப்படியானால் பாட்டி ஜெயித்தாரா? பாதி ஜெயித்தார். சுவரொட்டியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கீரையில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். அதைவிட முக்கியம், சோகை ஒரே நோய் அல்ல. இரும்புக் குறைவா, பி12 குறைவா, ஃபோலிக் அமிலக் குறைவா, கொக்கிப்புழுவா, அதிக உதிரப்போக்கா? காரணம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் முருங்கைக்கீரை என்றால் நடக்காது. 8.4 வரை இறங்கிய பிறகு உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார் என்று யோசித்தால் ஒரு காரணம் புரியும். சுவரொட்டி வாங்கினாலும் அது முதலில் யார் தட்டுக்குப் போகிறது?

எங்கள் வீட்டில் இப்போது சமாதானம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று டாக்டர் சொன்னதும் வயிற்றுப் புரட்டல் குறைந்தது. கீரையும் தொடர்கிறது. மூன்று மாதம் கழித்து அம்மாவின் அளவு 10.9. பாட்டி அது சுவரொட்டியால்தான் என்கிறார். நான் மறுக்கவில்லை!