நீரிலிருந்து நிலக்கரிக்கு

புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் பெயர்பெற்ற தலவிலவுக்குத் தெற்கே, அதே கடற்கரையில், நுரைச்சோலை அனல் மின்னிலையம் நிற்கிறது. 2011 இல் அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. 2014 இல் ஏனைய இரண்டு பகுதிகளும் சேர, அதன் ஆற்றல் 900 மெகாவாற்று ஆயிற்று. அங்கு எரியும் நிலக்கரி முழுவதும் பிறநாடுகளிலிருந்து கப்பலில் வருவது. ஆறுகள் நிறைந்த இலங்கை கரியை நாடியது எவ்வாறு?

1769 இல் யேம்சு வாற்று என்பவர் திருத்திய நீராவிப் பொறிக்கு உரிமை பெற்றார். அதன்பின் பிரித்தானியாவின் ஆலைகளும் சுரங்கங்களும் கரியின் வலுவால் இயங்கின. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிய நம் முதற் புகைவண்டியும் அப்பொறியின் வழித்தோன்றலே.

கரி எரிகையில் எழும் காபனீரொட்சைட்டு வெப்பத்தைத் தடுத்து வைக்கும். அது இருமடங்கானால் புவிவெப்பம் 5 அல்லது 6 பாகை உயருமென 1896 இல் சுவீடிய அறிஞர் அரேனியசு கணக்கிட்டார். குளிர்நாட்டவராகிய அவர் அதனை நன்மையென்றே கருதினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டியுள்ளது. வெளியேறியதில் ஒரு கூறு பல நூற்றாண்டுகள் வளியிலே தங்கும். ஆதலால் பழைய ஆலைகளின் கழிவையும் இன்றைய தலைமுறை சுமக்கிறது.

இலங்கையோ வேறுவழியில் நடந்தது. அருவிகளிலிருந்து மின் பெறலாமென 1918 இல் பொறியியலாளர் விமலசுரேந்திரா விளக்கினார். 1950 இல் இலட்சபானை மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதிவரை நம் மின்சாரம் பெரும்பாலும் நீரின் கொடையே. 1996 இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடெங்கும் மின்வெட்டு நேர்ந்தது. நீரை மட்டும் நம்புதல் தகாது என்ற எண்ணம் வலுப்பெற, எண்ணெயும் பின்னர் கரியும் இடம்பிடித்தன.

அவ்வொரு வரட்சிக்குக் கரியே காரணமென எவரும் அறுதியிட்டுக் கூறார். ஆயினும் மழை தவறுமென்று அஞ்சிக் கரியை எரிப்பதும், எரித்த கரி மழையின் ஒழுங்கைக் குலைப்பதும் ஒரு நச்சுவட்டமன்றோ? உலகம் வெளியேற்றிய வாயுவில் நம் பங்கு மிகச் சிறிது. ஆனால் கடல் உயரும்போது பங்கு பார்த்து உயர்வதில்லை. தாழ்ந்த கரையில் வாழும் மீனவன் குடிசையையே அது முதலில் தொடும்.

சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் நுரைச்சோலையிற் கரி இறக்க இயலாது; முன்னரே குவித்துவைக்க வேண்டும். இதே கற்பிட்டிக் குடாநாட்டில், மாம்புரியில், 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. கரிக்கப்பலைத் தடுக்கும் அக்காற்றே அவற்றுக்கு உணவு. பிந்தி வந்த நாம், முந்தியோர் நடந்த பாதை முழுவதையும் நடந்துதான் தீரவேண்டும் என்பதில்லை.